அயூசோ சுயநலக்காரரா?

அன்புள்ள ஐயா,

ஸ்பெயின் சைக்கிள் வீரர் ஹுவான் அயூசோவைப் பற்றி எங்கே படித்தாலும் ‘குழுவுக்கு உழைக்காதவர்’ என்றே இருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவனிடம் பக்கத்துத் தடக்காரனுக்காக ஓடு என்று சொல்வோமா? ஜெயிக்கிற திறமை உள்ளவன் ஜெயிக்க நினைப்பதில் என்ன தப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தப்பே இல்லை. ஆனால் ஓட்டப்பந்தய உதாரணம் இங்கே ஒட்டாது. சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றோடு மல்லுக்கட்டுகிறார். அவர் முதுகை ஒட்டிப் போகிறவருக்கு, சமதளம் என்றால், கால்வாசி உழைப்பாவது மிச்சம். எட்டு பேர் குழுவில் ஒருவர் தலைவர். மற்றவர்கள் அவருக்குக் காற்று மறைப்பார்கள், தண்ணீர் பாட்டில் கொண்டு வருவார்கள், மலையில் வேகத்தைக் கூட்டி எதிராளிகளை மூச்சு வாங்க வைப்பார்கள். பரிசுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வதும் அதனால்தான்.

நீங்கள் படித்த குற்றச்சாட்டில் பெரும்பகுதி ஒரே காட்சியிலிருந்து வந்தது. 2024 டூர் டி பிரான்ஸ் (மூன்று வாரப் பந்தயம்; ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வெற்றியாளர், மொத்த நேரம் குறைந்தவருக்குப் பட்டம்), நான்காம் நாள், கலிபியே கணவாய். அயூசோவின் யுஏஇ குழுவின் தலைவர் போகச்சார். அவருக்காக அவருடைய ஆட்கள் முன்னால் நின்று வேகம் கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான அல்மெய்டா திரும்பிப் பார்த்து, கையை வீசி, அயூசோவை முன்னே வரச் சொல்கிறார். அவ்வளவுதான் விஷயம். போகச்சார் அன்று ஜெயித்து, மொத்தக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியையும் போட்டுக்கொண்டார். ஆனால் ரசிகர்கள் அந்தக் கையை மறக்கவில்லை. சில நாள் கழித்து கோவிட் வந்து அயூசோ விலகினார். (ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்தாவில் 2022இலும் அவருக்கு கோவிட் வந்தது, அறிகுறி இல்லை என்று தொடர்ந்து ஓட்ட விட்டார்கள்.)

அந்த வுவெல்தாவில் அவர் மூன்றாம் இடம். இருபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மூன்று வாரப் பந்தயம் ஒன்றில் அந்த வயதில் மேடையேறியவர் நூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் இல்லை. ஸ்பெயினோ 2009இல் கான்டடோர் ஜெயித்ததற்குப் பிறகு டூர் வெற்றியாளரைப் பார்க்காத நாடு. பையன் தலையில் எதை ஏற்றினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் அவர் போய்ச் சேர்ந்த வீடு. 2021இல் யுஏஇ குழுவில் சேர்ந்தபோது போகச்சார் அங்கே ஏற்கெனவே பெரிய ஆள், அயூசோவைவிட நான்கே வயது மூத்தவர். அடுத்த வருஷம் அல்மெய்டா வந்தார், பிறகு டெல் டோரோ. எல்லோருமே தலைவராகும் தகுதி உள்ளவர்கள். டூரில் நாற்காலி ஒன்றுதான். அப்படியிருந்தும் அயூசோவுக்கு 2028 வரை ஒப்பந்தம் போட்டார்கள். இதில் கையெழுத்துப் போட்டவரைவிட, போடவைத்தவர்களைத்தான் நான் அதிகம் கேள்வி கேட்பேன்.

2025 ஜீரோ, அதாவது இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம், அவருக்கென்று கிடைத்த வாய்ப்பு. தாலியகோட்சோவில் ஒரு நாளை ஜெயித்தார். இரண்டு நாள் கழித்து சியனா போகும் மண் சாலையில் விழுந்து முழங்காலில் தையல். அன்றைக்கே முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி டெல் டோரோவுக்குப் போயிற்று. அப்புறம் ஒரு தேனீ முகத்தில் கொட்டி ஒரு கண் வீங்கியது. பந்தயத்தை முடிக்காமலே வீடு திரும்பினார்.

அதே வருஷ வுவெல்தாவில் மட்டும் நான் விமர்சகர்கள் பக்கம். அங்கே அல்மெய்டாவுக்குப் பட்டம் வெல்ல நிஜமாகவே வாய்ப்பு இருந்தது. அயூசோ ஆறாம் நாள் ஏழு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கினார், மறுநாள் செர்லர் மலையில் தனியாக ஏறி ஜெயித்தார். காலில் வலு இருக்கிறது, ஆனால் தனக்கு மட்டும் என்று பார்க்கிறவர்கள் நினைத்தால் எப்படிக் குறை சொல்வது? செப்டம்பர் 1, ஓய்வு நாளில், 2028 வரை போட்ட ஒப்பந்தம் அந்த வருஷத்தோடே முடிகிறது என்று குழு அறிவித்தது. பந்தயத்தின் நடுவில் அறிவித்தது அநாகரிகம். அயூசோவும் அதை வெளிப்படையாகச் சாடினார். மூன்று நாள் கழித்து, அனுப்பிவிடப்போகிற அதே குழுவின் சட்டையில் இன்னொரு நாளையும் ஜெயித்தார். அல்மெய்டா கடைசியில் எதிரணியின் விங்ககோரிடம் 1 நிமிடம் 16 வினாடியில் தோற்றார். அயூசோ இழுத்திருந்தால் அது கைக்கு வந்திருக்குமா? அப்படிக் கணக்குப் போட எனக்குத் துணிவில்லை.

2026 முதல் அவர் லிடில்-டிரெக் குழுவில். அங்கே ஷெல்மோசே இருக்கிறார். 2023 சுவிஸ் பந்தயத்தில் அயூசோவை 9 வினாடியில் தோற்கடித்தவர். அடுத்த வருஷம் பாஸ்க் பந்தயத்தின் கடைசி நாளில் அயூசோவிடம் முதலிடத்தை இழந்தவர். இனி மலையில் இவர்களில் யார் யாருக்குக் காற்று மறைக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கு என்னைவிட அது நல்ல பதில் சொல்லும்.