படம் வரைய வராதவருக்கு அனிமேஷனில் இடம் உண்டா?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் 'டாய் ஸ்டோரி' பார்த்த நாளிலிருந்து பிக்சார் மாதிரி ஒரு ஸ்டுடியோவில் சேர வேண்டும் என்று ஆசை. ஆனால் எனக்குப் படம் வரைய வராது. வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அனிமேஷன் படிப்பில் சேரலாம் என்றிருக்கிறேன். இதைச் சொன்னதிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிக்சார்காரர்களும் எல்லாவற்றையும் பணயம் வைத்துத்தானே ஜெயித்தார்கள்? நான் செய்வது சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, அப்பா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். வரைய வராது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

பிக்சாரை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் எட் கேட்மல். சிறுவயதில் அவருக்கும் டிஸ்னியில் அனிமேட்டர் ஆகவேண்டும் என்றுதான் கனவு. அந்த அளவுக்குத் தனக்கு வரைய வராது என்று அவருக்கே புரிந்ததும், யூட்டா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கம்ப்யூட்டரும் படிக்கப் போனார். 1972இல், ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தன் இடது கையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கி அச்சு எடுத்தார். முன்கூட்டியே வாஸ்லின் தடவ மறந்துவிட்டதால், அச்சைக் கழற்றும்போது புறங்கை முடியெல்லாம் அதோடு பிய்ந்து வந்துவிட்டது. அந்த அச்சிலிருந்து செய்த கையின் மேல் சுமார் 350 சிறு முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, ஒவ்வொரு மூலையையும் அளந்து, எண்களாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். திரையில் ஒரு கை விரல்களை மடக்கி நீட்டியது. ஒரு நிமிடப் படம்தான். ஆனால் அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வரைய வராதவர் அளந்து பார்த்து உருவாக்கிய கை அது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பணயம் வைத்து ஜெயித்தார்கள் என்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் ஒரு முழுநீளப் படம் எடுக்க வேண்டும் என்ற இலட்சியம் கேட்மலுக்கு எழுபதுகளிலேயே இருந்தது. அது கைகூடியது 1995இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அவரும் கூட்டாளிகளும் யாரோ ஒருவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 1974இல் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் ஆய்வுக்கூடப் பொறுப்பு. அங்கேதான் பின்னாளில் பிக்சாரின் இன்னொரு நிறுவனரான ஆல்வி ரே ஸ்மித் வந்து சேர்ந்தார். 1979இல் 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவை கேட்மலிடம் ஒப்படைத்தார். டிஸ்னி வேலையிலிருந்து அனுப்பிவிட்ட ஜான் லாசெட்டர் என்ற இளம் அனிமேட்டரும் பிறகு அங்கே வந்தார். வரையத் தெரிந்தவரும் கணக்குத் தெரிந்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். என்னைக் கேட்டால், பிக்சார் உண்மையில் பிறந்தது அந்த அறையில்தான்.

லூகாஸ் அந்தப் பிரிவை விற்க முடிவு செய்தபோது, 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கினார். லூகாசுக்கு 50 லட்சம் டாலர், கம்பெனி நடத்த இன்னொரு 50 லட்சம். அப்போது பிக்சார் படக் கம்பெனியே இல்லை. மருத்துவமனைகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி. அந்த மெஷினில் முந்நூறுகூட விற்கவில்லை. 1990இல் ஹார்டுவேர் பிரிவையே கைகழுவினார்கள். கையால் வரைந்த படங்களுக்கு வண்ணம் தீட்டும் மென்பொருளை டிஸ்னியோடு சேர்ந்து செய்தார்கள். கம்ப்யூட்டரில் அமைத்த காட்சியைப் படமாக மாற்றித் தரும் ரெண்டர்மேன் மென்பொருளை விற்றார்கள். வாய் கொப்பளிக்கும் லிஸ்டரின் பாட்டில் குத்துச்சண்டை போடுவதுபோல விளம்பரம் எடுத்தார்கள். ஆட்குறைப்பும் நடந்தது. வருடா வருடம் விழுந்த துண்டை ஜாப்ஸ் தன் சொந்தப் பணத்தால் அடைத்தார். மொத்தம் ஏறக்குறைய 5 கோடி டாலர்.

இதைக் கவனியுங்கள் தம்பி. பணயம் வைக்கப்பட்டது ஒரு பெரும் பணக்காரரின் உபரிப் பணம். குடியிருக்கும் வீடு இல்லை. உங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்தது அந்த ஒரு பத்திரம்தான் என்றால், அதை ஒரு கோர்ஸ் கட்டணத்துக்காக வட்டிக்கடைக்குக் கொண்டுபோவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் இத்தனை வருடமும் அவர்களைத் தூக்கி நிறுத்தியது எது? குறும்படங்கள். கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்த நாளிலும் அதை விடவில்லை. 1986இல் டல்லாஸில் நடந்த சிக்கிராஃப் என்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டில் 'லக்சோ ஜூனியர்' திரையிட்டார்கள். பெரிய மேசை விளக்கு ஒன்று, குட்டி விளக்கு ஒன்று, ஒரு பந்து. இரண்டே நிமிடம். முகம் இல்லை, வசனம் இல்லை. குட்டி விளக்கு பந்தின் மேல் ஏறிக் குதித்து அதைப் பொசுக்கென்று அமுக்கிவிடுகிறது. உடனே தலை தொங்கிப்போகிறது. படம் முடிந்ததும் கிராஃபிக்ஸ் மேதை ஜிம் பிளின், லாசெட்டரைத் தேடி வந்தார். நிழல் விழுவதற்கு என்ன கணக்கு போட்டீர்கள் என்று கேட்கப்போகிறார் என லாசெட்டர் நினைத்தார். பிளின் கேட்டதோ, "அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?"

இரண்டு வருடம் கழித்து வந்த 'டின் டாய்' ஆஸ்கர் வாங்கியது. கம்ப்யூட்டர் அனிமேஷனுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. அதைப் பார்த்துத்தான் 1991இல் டிஸ்னி முழுநீளப் பட ஒப்பந்தத்துக்கு வந்தது. அந்தப் படம்தான் 'டாய் ஸ்டோரி'. பொம்மைகளைக் கதாபாத்திரம் ஆக்கியதிலும் ஒரு விவரம் இருக்கிறது. மனிதத் தோல், முடி, துணி இதெல்லாம் அன்றைய கம்ப்யூட்டருக்கு எட்டாதவை. பிளாஸ்டிக் எட்டும். தங்களால் எது முடியும் என்று தெரிந்துகொண்டு, அதற்குள்ளேயே கதை தேடினார்கள்.

அப்போதும் சறுக்கல் வந்தது. 1993 நவம்பர் 19 அன்று டிஸ்னிக்காரர்களிடம் அதுவரை செய்ததைப் போட்டுக் காட்டினார்கள். கதாநாயகனான வுடி பொம்மை எல்லோர் மேலும் எரிந்து விழும் கொடுமைக்காரனாக இருந்தது, யாருக்கும் பிடிக்கவில்லை. தயாரிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பிக்சார் குழு கதையைத் திரும்ப எழுதியது. 1995 நவம்பர் 22இல் படம் வெளியானது. ஒரு வாரத்தில் கம்பெனிப் பங்குகள் 22 டாலர் விலையில் சந்தைக்கு வந்தன. 2006இல் டிஸ்னி 740 கோடி டாலருக்கு பிக்சாரையே வாங்கியது.

வெற்றிக்குப் பின்னால் இருந்த வலியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது 'டாய் ஸ்டோரி'யை ஒன்பது மாதத்தில் புரட்டிப் போட்டு மறுபடி எடுத்தார்கள். முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்கு ஊழியர்களுக்குக் கை, மணிக்கட்டு வலி. காப்பகத்தில் விடவேண்டிய கைக்குழந்தையை, அசதியில் காரிலேயே மறந்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார் ஒரு தகப்பன். கொளுத்தும் வெயிலில் கார். நல்லவேளை, மனைவி கேட்டதால் நினைவு வந்து ஓடினார்கள். மயங்கிக் கிடந்த குழந்தை பிழைத்தது. கேட்மலே தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். எந்த ஊர் ஸ்டுடியோவில் சேர்ந்தாலும் வேலை நேரத்தைப் பற்றி முதலிலேயே கேளுங்கள், தயங்காதீர்கள்.

சரி, இனி நீங்கள் என்ன செய்யலாம்? வேலையை விடாதீர்கள். ஒரு பாத்திரத்துக்குள் எலும்பும் கட்டுப்பாடுகளும் வைக்கும் ரிக்கிங், ஒளியமைப்பு, துணியும் தண்ணீரும் அசைவதற்கான சிமுலேஷன், ஸ்டுடியோவுக்குள் வேலை ஓட உதவும் கருவிகளை எழுதுவது என்று நிரல் தெரிந்தவர்களுக்கென்றே வேலைகள் இருக்கின்றன. டெக்னிகல் டைரக்டர் என்பார்கள். பெரிய ஸ்டுடியோக்களில் இவர்கள் இல்லாமல் ஒரு காட்சியும் நகராது. உங்கள் படிப்பு வீணாகவில்லை, பாதி வழியைக் கடந்துவிட்டீர்கள்.

கருவிக்கும் காசு வேண்டாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் இலவசம். 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியாவின் 'ஃப்ளோ' அதில் செய்யப்பட்டதுதான். ரெண்டர்மேனையும் வணிகம் சாராத வேலைக்கு இலவசமாகத் தருகிறார்கள். கான் அகாடமி தளத்தில் பிக்சார்காரர்களே நடத்தும் 'பிக்சார் இன் எ பாக்ஸ்' பாடங்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பழக்கமான கணக்கிலிருந்தே ஆரம்பிப்பதால் எளிதாகப் பிடித்துக்கொள்வீர்கள்.

தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். முப்பது விநாடிப் படம் ஒன்று, ஒரே ஒரு பொருளை வைத்து. அதை முடியுங்கள், பாதியில் விடாதீர்கள். பிறகு கிராஃபிக்ஸ் தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். திணறினால் திருத்துங்கள். இந்த மாதிரி மூன்று நான்கு படமும், நீங்களே எழுதிய ஓரிரு கருவிகளும் சேர்ந்ததும் சென்னை, ஐதராபாத், பெங்களூரு ஸ்டுடியோக்களுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் நிரல் எழுதத் தெரியும் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.

அப்பாவிடம் இன்றைக்கே போய், பத்திரத்தைத் தொடப்போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். ஆசையை விட்டுவிட்டதாகச் சொல்ல வேண்டாம், அது உண்மை இல்லையே. என்ன திட்டம், எத்தனை நாள், சம்பளம் நிற்காது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் மனதை உறுத்துவது உங்கள் கனவு இல்லை, கடன்தான் என்று நினைக்கிறேன்.