ஃபெடோரின் தோல்விகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் குறிப்பு ஒன்றில், "ஹெவிவெயிட்டில் ஃபெடோர் எமெலியானென்கோவுக்கு மேல் யாரையும் வைக்கமாட்டேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் எம்எம்ஏ எனும் கலப்புச் சண்டை விளையாட்டைப் பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. நீங்கள் சொன்னதற்காகவே தேடிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது 2019இல் ரையன் பேடரிடம் 35 நொடியில் விழுந்த சண்டை. அடுத்தது 2010இல் ஃபாப்ரிசியோ வெர்டூமிடம் 69 நொடியில் தோற்றது. மொத்தம் ஏழு தோல்வி, அதில் ஆறு முதல் சுற்றிலேயே. இந்த விளையாட்டின் பெரிய அமெரிக்க அமைப்பான யுஎஃப்சியில் ஒருமுறைகூட இறங்கவில்லை. ஜப்பானில் வென்றதாகச் சொல்கிறார்களே என்று பார்த்தால், 218 சென்டிமீட்டர் உயரமுள்ள கொரியர் ஒருவரோடு மோதுகிறார், ஏதோ திருவிழா வேடிக்கை மாதிரி. என் நண்பர்கள் இதை ஊதிப் பெருக்கிய பெயர் என்கிறார்கள். உங்களுடையது பழைய நினைவின் மீதான பாசம்தானா? அப்படியே பெரிய வீரர் என்றாலும், 2012இல் ஓய்வை அறிவித்தவர் அதோடு நின்றிருக்கலாமே?

க.

அன்புள்ள க.,

உங்கள் கணக்கில் பிழை இல்லை. உங்கள் கட்சிக்குப் பலம் சேர்க்க நானே இன்னொன்றும் தருகிறேன். 2016இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபாபியோ மால்டொனாடோவோடு நடந்தது பதிவேட்டில் வெற்றி என்றுதான் இருக்கிறது. ஆனால் முதல் சுற்றில் அவர் அடி வாங்கிய விதத்துக்கு, நடுவர் அங்கேயே சண்டையை நிறுத்தியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

ஆனால் நீங்கள் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படித்திருக்கிறீர்கள். அதில் தவறில்லை, தேடினால் அதுதான் முதலில் கிடைக்கிறது. இப்போது 2003 மார்ச் 16க்குப் போங்கள். யோகோஹாமா அரங்கம், ஜப்பானின் எம்எம்ஏ அமைப்பான பிரைட் நடத்திய 'பிரைட் 25'. எதிரே பிரேசிலின் அந்தோனியோ ரோட்ரிகோ நொகேரா, பிரைட்டின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன். சிறுவயதில் லாரி ஏறிக் கோமாவில் கிடந்து மீண்டவர். முதுகில் அந்தத் தழும்பு பெரிதாகத் தெரியும். அந்த நாளில் அவரைக் கீழே தள்ளுவது பெரிய சாதனையில்லை. தள்ளியபின் என்ன செய்வது என்பதுதான் எல்லோருக்கும் சிக்கல்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தரையில் பிடித்து மடக்கும் கலையான ஜியு-ஜிட்சுவில் 'கார்டு' என்று ஒரு நிலை உண்டு. மல்லாந்து கிடப்பவர் தன் இரண்டு கால்களாலும் மேலே இருப்பவரைச் சுற்றி வளைத்துக்கொள்வார். பார்ப்பவருக்கு மேலே இருப்பவர் ஜெயிப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அவர் பொறிக்குள் இருக்கிறார். ஒரு கையை நீட்டினால் அந்த முழங்கை போகும், தலையைத் தாழ்த்தினால் கால்களுக்கு நடுவே கழுத்து மாட்டும். நொகேராவின் கார்டு அன்று உலகிலேயே மிக ஆபத்தான இடம். விவரமறிந்தவர்கள் அவர் மல்லாந்தால் விலகி நின்று, எழுந்து வரச்சொல்லிக் கை காட்டுவார்கள்.

ஃபெடோர் நேராக அதற்குள் போனார். ஒருமுறை தெரியாமல் மாட்டிக்கொண்டதல்ல. பிரைட்டில் முதல் சுற்று பத்து நிமிடம், அடுத்த இரண்டும் ஐந்தைந்து. அந்த இருபது நிமிடத்தில் பெரும்பகுதி அவர் நொகேராவின் கால்களுக்கு நடுவேதான் இருந்தார். இடுப்பை நிமிர்த்தி, தோளிலிருந்து கையைச் சுழற்றி, சாட்டை விளாசுவதுபோல அடித்துக்கொண்டே இருந்தார். நொகேரா கையைப் பிடிப்பார், அது வழுக்கிக்கொண்டு போய்விடும், உடனே அடுத்த அடி விழும். மூன்று நடுவர்களும் ஒருமனதாக ஃபெடோருக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அதுவரை மல்லாந்தவர் பொறி வைப்பார், மேலே இருப்பவர் தப்பிக்கப் பார்ப்பார் என்றிருந்த கணக்கு அன்று மாறியது. பொறிக்குள் உட்கார்ந்தே பொறி வைத்தவனை அடிக்கலாம் என்று காட்டியவர்களில் இவ்வளவு பெரிய ஆளுக்கு எதிராக, இவ்வளவு நேரம் காட்டியவர் வேறு யாருமில்லை.

பார்க்க அவர் வீரர் மாதிரியே இருக்கமாட்டார் என்பதும் அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வேடிக்கை. ஆறடி உயரம், 105 கிலோ பக்கம், கொஞ்சம் தொப்பை. ரிங்குக்குள் வரும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது. பக்கத்துத் தெருவுக்குக் கடிதம் கொடுக்க வந்தவர் போல நிற்பார். 1976இல் அன்றைய சோவியத் உக்ரைனின் ருபிஷ்னேயில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு ரஷ்யாவின் ஸ்டாரி ஓஸ்கோலுக்கு வந்தவர். அப்பா வெல்டர், அம்மா ஆசிரியை. ரஷ்ய மல்யுத்த வகையான சாம்போவும் ஜூடோவும் கற்று, ராணுவத்தில் இருந்துவிட்டு, அந்த விளையாட்டுகளில் வயிற்றுக்கு வழியில்லாததால் 2000இல் ஜப்பானின் ரிங்ஸ் போட்டிகளுக்குப் போனார்.

அந்த வருடக் கடைசியில் ட்சுயோஷி கோசாகாவிடம் 17 நொடியில் முதல் தோல்வி. நீங்கள் எண்ணிய ஏழில் அதுவும் ஒன்று. விதியில் அனுமதியில்லாத முழங்கை பட்டு நெற்றி கிழிந்தது. ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயே ஆகவேண்டிய நாக்அவுட் போட்டி என்பதால் காயம் படாதவர் போனார். 2005இல் மறுபடி மோதியபோது, முதல் பத்து நிமிடம் முடிந்ததும் கோசாகாவின் நிலையைப் பார்த்து மருத்துவர் சண்டையை நிறுத்தினார். ஆக, ஆறு தோல்வி என்றே வைத்துக்கொள்வோம். நான் கொஞ்சம் ஃபெடோர் பக்கம் சாய்ந்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவிழா வேடிக்கை என்றீர்கள். ஜப்பானில் டிசம்பர் 31 இரவு நடந்த சண்டைகளில் பல அப்படித்தான், தொலைக்காட்சிக்காக ஏற்பாடு செய்தவை. அந்தக் கொரியர் ஹாங் மான் சோயோடு 2007இல் நடந்ததும் அந்த வகை. அவற்றை எடுத்துவிட்டே பாருங்கள். நொகேரா மிஞ்சுவார், அவரை 2004இல் இன்னொருமுறையும் வென்றிருக்கிறார். மிர்கோ குரோ காப் மிஞ்சுவார். குரோயேஷியப் போலீஸ் சிறப்புப் படையில் இருந்தவர் அவர். அவருடைய இடது கால் தலைக்கு வந்தால் அத்தோடு முடிந்தது. 2005 ஆகஸ்டில் அவர் முன்னால் நின்ற ஃபெடோர் செய்தது இன்றைக்கும் எனக்கு நம்பமுடியாதது. எல்லோரும் அந்தக் காலுக்குப் பயந்து பின்வாங்குவார்கள், பின்வாங்கினால் உதைக்கத் தேவையான தூரம் அவருக்குக் கிடைத்துவிடும். ஃபெடோர் இருபது நிமிடமும் முன்னால் நடந்துகொண்டே இருந்தார். மூக்கில் ரத்தம் வழிய, விலாவில் உதை வாங்கியபடி, அவரை ரிங்கின் கயிறு வரை தள்ளிக்கொண்டே போனார்.

இங்கேதான் நான் சொல்லவருவது இருக்கிறது. நொகேராவின் கார்டுக்குள் போனதும், குரோ காப்பின் காலை நோக்கி நடந்ததும் ஒரே பழக்கம். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வது. 2009 ஜனவரியில் ஆண்ட்ரே அர்லோவ்ஸ்கியோடு நடந்ததையும் பாருங்கள். முதல் மூன்று நிமிடம் அர்லோவ்ஸ்கியின் கைதான் ஓங்கியிருந்தது. மூலையில் ஒதுங்கி நின்ற ஃபெடோரை நோக்கி முழங்காலை உயர்த்திப் பாய்ந்தார். வேறு யாராக இருந்தாலும் விலகியிருப்பார்கள். ஃபெடோர் அந்தப் பாய்ச்சலுக்குள்ளேயே வலது கையை வீசினார். அர்லோவ்ஸ்கி காற்றில் இருக்கும்போதே நினைவிழந்து, முகம் குப்புற விழுந்தார்.

இப்போது நீங்கள் பார்த்த அந்த 69 நொடியை மறுபடி போட்டுப் பாருங்கள். 2010 ஜூன் 26, சான் ஹோசே. அதுவரை ஃபெடோரின் கணக்கு 31 வெற்றி, அந்த ஒரே கோசாகா தோல்வி, முடிவில்லாமல் போன ஒரு சண்டை. ஃபெடோர் கையை வீசுகிறார், வெர்டூம் மல்லாந்து விழுகிறார். அடிபட்டு விழுந்தாரா, அழைப்பதற்காக விழுந்தாரா என்று ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். ஃபெடோர் நேராக அவருடைய கார்டுக்குள் பாய்கிறார். கழுத்தைக் கால்கள் பூட்ட, கை மாட்ட, ஃபெடோர் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்கிறார்.

நொகேராவிடம் என்ன செய்தாரோ, அதையேதான் இங்கும் செய்தார். இதை நான் பல வருடம் கவனிக்கவில்லை. ஏதோ புதுத் தவறு செய்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. மாறியவை இரண்டே. ஒன்று, ஏழு வருடம். கையை உருவி எடுக்கும் அந்த வேகம் இம்மி குறைந்திருந்தது. இன்னொன்று, வெர்டூம் நொகேராவுக்குப் பிறகு வந்தவர். கார்டுக்குள் உட்கார்ந்து அடிப்பவரை என்ன செய்வது என்று அதற்குள் ஒரு தலைமுறையே யோசித்துவைத்திருந்தது. அதற்குக் காரணமானவர்களில் ஃபெடோரும் ஒருவர்! வெர்டூமையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். தரைச் சண்டையில் உலகப் பட்டங்கள் வென்றவர், 2015இல் கெயின் வெலாஸ்கேஸை வீழ்த்தி யுஎஃப்சி சாம்பியனும் ஆனார்.

2011இல் டான் ஹெண்டர்சனிடம் தோற்றதும் அதே கதை. ஹெண்டர்சன் அடிபட்டு விழுகிறார், ஃபெடோர் முடித்துவிடப் பாய்கிறார், கீழிருந்தவர் நழுவிப் பின்பக்கம் வந்து கைக்கடியில் ஒரு குத்து விடுகிறார். இரண்டுக்கும் நடுவில் 'பிக்ஃபுட்' அந்தோனியோ சில்வாவிடம் தோற்றது மட்டும் வேறு வகை. அது வெறும் எடை. ஹெவிவெயிட்டின் உச்சவரம்பு 120 கிலோ. அதைத் தொட உடம்பைக் குறைத்து வந்த ஒருவர் இரண்டாம் சுற்று முழுக்க மேலே படுத்து அடித்தால், 105 கிலோக்காரர் என்ன செய்வார்? கண் மூடிக்கொண்டது, மருத்துவர் நிறுத்தினார்.

யுஎஃப்சி விஷயத்தில் உங்கள் நண்பர்களோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. 2007இல் பிரைட்டை யுஎஃப்சியின் முதலாளிகளே வாங்கினார்கள். ஃபெடோரின் எம்-1 நிறுவனம் போட்டிகளைக் கூட்டாக நடத்தவேண்டும் என்று நின்றது, யுஎஃப்சி முடியாது என்றது. 2009இல் அவர் சண்டையிட்டுவந்த அஃப்ளிக்ஷன் நிறுவனம் கடையை மூடியபோது ஒரு வாய்ப்பு வந்தது, அப்போதும் அவர் இன்னொரு அமெரிக்க அமைப்பான ஸ்ட்ரைக்ஃபோர்ஸுக்குத்தான் போனார். நட்டம் யாருக்கு என்றால் நமக்கு. அந்த வருடங்களில் யுஎஃப்சியின் பிராக் லெஸ்னரோடோ வெலாஸ்கேஸோடோ ஒரு சண்டை நடந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. அது நடக்கவில்லை, அந்தப் பள்ளம் அவர் கணக்கில் அப்படியே இருக்கும்.

2012இல் நின்றிருக்கலாமே என்றால், நின்றிருக்கலாம். பெட்ரோ ரிஸோவை ஒன்றரை நிமிடத்துக்குள் வீழ்த்திவிட்டு விலகியவர், 2015 டிசம்பர் 31 அன்று சைதாமாவில் திரும்பி வந்தபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. 2018இல் ஃபிராங்க் மிர்ரை 48 நொடியில் வீழ்த்தியபோது அந்த வருத்தம் கொஞ்சம் மறந்துபோனது, பேடர் அதைத் திரும்ப நினைவூட்டினார். 45 வயதில் மாஸ்கோவில் டிம் ஜான்சனை வீழ்த்தினார், மறுபடி மறந்தேன். ரசிகனின் நியாயம் அவ்வளவுதான். அந்தக் கடைசி வருடங்கள் எதையாவது கூட்டினவா என்றால், இல்லை. எதையாவது கழித்தனவா என்றால், நொகேராவோடு நடந்த அந்த இருபது நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட என்னால் கழிக்க முடியவில்லை.

வெர்டூமிடம் தோற்ற இரவு அவர் சாக்குச் சொல்லவில்லை. விழாதவன் எழுவதில்லை என்ற அளவில் ஒரு வாக்கியம் சொன்னார். வீரர்கள் சொல்லும் வழக்கமான பேச்சு என்று அதைத் தள்ளிவிடலாம், நானும் தள்ளியிருப்பேன், ராண்டில்மேனோடு நடந்த சண்டையைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அதை இன்று இரவே பாருங்கள். 2004 ஜூன் 20. கெவின் ராண்டில்மேன் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தச் சாம்பியன், முன்னாள் யுஎஃப்சி சாம்பியன், இரண்டு மாதம் முன்புதான் குரோ காப்பை வீழ்த்தியிருந்தார். அவர் ஃபெடோரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டி, தூக்கி, தலைகீழாகத் தரையில் அறைகிறார். கழுத்து மடிந்து விழும் அந்தக் காட்சியை முதல்முறை பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன், முடிந்தது என்றே நினைத்தேன். விழுந்தவர் ஒரு நொடிகூடக் கிடக்கவில்லை. புரண்டு மேலே வந்து, ராண்டில்மேனின் கையை கிமுரா பிடியில் முறுக்கி முடித்தார். (கிமுரா என்பது ஆள் பெயர். 1951இல் பிரேசிலில் ஹெலியோ கிரேஸியை இந்தப் பிடியால் வென்ற ஜூடோக்காரர் மசஹிகோ கிமுராவின் பெயரையே பிடிக்கு வைத்துவிட்டார்கள்.) மொத்தம் 1 நிமிடம் 33 நொடி.

வீசப்படுவதை எல்லோரும் மெதுவோட்டத்தில் பார்ப்பார்கள். நீங்கள் அதைச் சாதாரண வேகத்திலேயே ஓடவிட்டு, விழுந்ததற்குப் பிறகு ஃபெடோரின் முகத்தை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். நண்பர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஒன்றரை நிமிடம்தானே.