சென்னைப் புழுக்கத்தில் அரை மாரத்தான் ஓடினால் வேகம் ஏன் குறைகிறது?

“பெங்களூரில் 2 மணி நேரத்தில் முடித்த 21.1 கி.மீ., சென்னையில் 15 நிமிடம் கூடுதலாகிவிட்டது. பயிற்சி போதவில்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியை உடனே சந்தேகிக்க வேண்டாம். காற்றிலுள்ள ஈரம்தான் பெரும்பாலும் காரணம்.

வியர்ப்பதால் உடல் குளிர்வதில்லை, வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. 1 லிட்டர் முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஆனால் சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும், அதனால் வியர்வை எளிதில் ஆவியாகாது. பனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், ஆனால் அப்படிச் சொட்டுகிற வியர்வையால் பயனில்லை. இதயம் தசைக்கும் ரத்தம் தர வேண்டும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் தர வேண்டும். அதனால் அதே வேகத்துக்கே துடிப்பு எகிறுகிறது.

ஆகவே கடிகாரத்தை விடுங்கள், மூச்சைக் கவனியுங்கள். முதல் 5 கி.மீ. ‘இவ்வளவு மெதுவாகவா?’ என்று உறுத்தினால் சரியாக ஓடுகிறீர்கள் என்று அர்த்தம்.

வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். ஏசி அறை டிரெட்மில்லில் ஓடினால் அந்தப் பழக்கம் வராது.

தண்ணீர்? தாகத்துக்குக் குடித்தால் போதும். பயந்துபோய் வழியிலுள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரை போகலாம். இடையிடையே ஓ.ஆர்.எஸ். நல்லது.

தலை சுற்றி, பேச்சு குழறி, வழி தடுமாறினால் அது வெறும் களைப்பல்ல. உடனே ஓட்டத்தை நிறுத்தி, மருத்துவக் குழுவை அழைத்து, உடம்பெல்லாம் ஐஸ் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.