நான்கு மணிக்கு இருட்டும் ஊர்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய நகரங்களைக் குளிர்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்று முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பிக் கிளம்பியவர்களில் நாங்களும் ஒருவர். போன டிசம்பர் 23 முதல் 28 வரை வியன்னாவில் இருந்தோம். நான், என் கணவர், 14 வயது மகள், 8 வயது மகன், 69 வயது அத்தை.

இரண்டு வருடம் சேர்த்த பணம் ஐயா. என் கணவர் எக்செல்லில் 14 இடங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தார். பார்த்தது ஐந்து. அதிலும் ஒன்று சுடுகாடு. அத்தையால் நடக்க முடியவில்லை என்று ஒரு டிராமில் ஏறி உட்கார்ந்தோம், அது நேராக ஊருக்கு வெளியே ஒரு பெரிய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டது. நல்ல நாளும் அதுவுமாக இங்கேயா கூட்டிக்கொண்டு வந்தாய் என்று அத்தை அன்று முழுக்க என் கணவரிடம் பேசவில்லை.

24-ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கே கடைகளை அடைத்துவிட்டார்கள். சாயங்காலம் பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போனால், மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஆளே இல்லை. அறைக்குத் திரும்பி, கொண்டுபோன ரைஸ் குக்கரில் சாதம் வைத்து, தயிரும் பருப்புப்பொடியும் போட்டுச் சாப்பிட்டோம். மகள் போனில், மகன் தூக்கத்தில், நானும் அவரும் சண்டையில். அதற்கா அவ்வளவு தூரம் போனோம்?

பனியும் விழவில்லை. "ஸ்னோ எங்கம்மா?" என்று மகன் கேட்டுக்கொண்டே வந்தான். அருங்காட்சியகத்தில் மட்டும் ஒரு பனி ஓவியத்தின் முன்னால் நின்று நாய்களை எண்ணிக்கொண்டிருந்தான். 40 நிமிடத்தில் அங்கேயும் பசிக்கிறது என்று ஆரம்பித்துவிட்டான். ஊருக்கு வந்ததும் பள்ளியில் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவன் எழுதியது முழுக்க டிராம். வியன்னாவில் வேறு ஒன்றுமே பார்க்கவில்லையா என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

குடும்பத்தோடு போனது தப்பா, குளிர்காலத்தில் போனது தப்பா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நான் அப்படி எழுதியது உண்மை. தனியாகவோ நண்பர்களோடோ போகிறவனின் திமிரில் எழுதியது. எட்டு வயதுப் பையனையும் 69 வயது அத்தையையும் வைத்துக்கொண்டு டிசம்பரில் ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அந்தப் பழியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் "இல்லை"தான். தப்பு அந்த எக்செல்லில் இருக்கிறது.

கோவை ஏறத்தாழ 11 பாகை வடக்கில் இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட அங்கே பதினொன்றரை மணி நேரம் இருக்கும். வியன்னா 48 பாகை வடக்கில். நீங்கள் போன வாரத்தில் காலை ஏழே முக்காலுக்குப் பக்கமாக விடிந்து, மாலை நான்குக்குப் பொழுது சாய்ந்திருக்கும். பகல் எட்டேகால் மணி நேரம்தான். நட்ட நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 19 பாகைக்கு மேல் ஏறாது. நம் ஊரில் காலை ஏழரை, எட்டு மணி வெயில் சாய்ந்து விழுமே, உச்சிப்பொழுதே அவ்வளவுதான்.

பல வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் மகளும் ஒரு டிசம்பரில் அங்கே இருந்தோம். முக்கால்வாசி நாள் வானம் சாம்பல் பூசிய மாதிரி மூடியே கிடந்தது. ஒரே ஒரு நாள் வெயில் வந்தது. ஷோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தோம். மணி பன்னிரண்டு. மகள் திடீரென்று நின்று, "அப்பா, என் நிழலைப் பாரேன்" என்றாள். சரளைக்கற்கள் மேல் அவள் நிழல் அவளைப்போல் மூன்று மடங்கு நீண்டு கிடந்தது. கையை உயர்த்தினால் நிழலின் கை தோட்டத்து வேலிச்செடி வரை போய்த் தொட்டது. அரண்மனை அறைகளை எல்லாம் அவள் மறந்துவிட்டாள். அந்த நிழலை இப்போதும் சொல்கிறாள்.

உங்கள் கணவரின் பட்டியலை நான் பார்க்கவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. ஜூன் மாதத்துப் பட்டியல் அது. இராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊருக்கு யாரோ போட்டதை எடுத்து டிசம்பருக்கு ஒட்டினால் எப்படிப் பொருந்தும்? போதாததற்கு அந்தப் பட்டியல்களில் உடுப்புக்கு நேரம் ஒதுக்கவே மாட்டார்கள். ஐந்து பேருக்குத் தெர்மல், ஸ்வெட்டர், ஜெர்கின், மஃப்ளர், குல்லா, இரண்டு கைக்கும் உறை. எல்லாம் மாட்டி முடித்து, கதவைப் பூட்டப்போகும்போது பையன் பாத்ரூம் என்பான். மறுபடி எல்லாவற்றையும் கழற்று. தெருவில் பூஜ்யம், கடைக்குள் 22 பாகை. உள்ளே நுழைந்தால் கழற்று, வெளியே வந்தால் மாட்டு. ஒரு நாளைக்கு இது பத்து முறை நடக்கும். நாங்கள் இரண்டாம் நாளே மகளின் ஒரு கையுறையைத் தொலைத்தோம். மறுநாள் அதே தெருவில் திரும்பி வரும்போது, ஒரு வீட்டு இரும்பு வேலியின் கூர்முனையில் யாரோ அதை மாட்டி வைத்திருந்தார்கள். ஐந்து விரலும் மேலே நீட்டிக்கொண்டு, டாட்டா காட்டுவதுபோல.

இனி அந்த 24-ஆம் தேதி இராத்திரிக்கு வருகிறேன்.

ஆஸ்திரியர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்பது 25 காலை அல்ல, 24 மாலை. அங்கே குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவதும் சாண்டா அல்ல, கிறிஸ்ட்கிண்ட் என்கிற குழந்தை யேசு. பெற்றோர் ஓர் அறையைப் பூட்டி வைத்து உள்ளே மரத்தை அலங்கரித்து, அடியில் பரிசுகளை அடுக்குவார்கள். இருட்டியதும் ஒரு சின்ன மணி கேட்கும். மணி கேட்ட பிறகுதான் குழந்தைகளுக்குக் கதவு திறக்கும். சித்திரைக்கனி வைத்து, பிள்ளைகளைக் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து நிறுத்துகிற உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் மதியம் இரண்டு மணிக்குக் கடை அடைக்கிறார்கள். விற்கிறவளும் வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா?

தெருவில் ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வியன்னா முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, சொந்த மனிதர்களோடு, சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். அவர்கள் தட்டில் வறுத்த கெண்டை மீன், உங்கள் தட்டில் தயிர்சாதம். சண்டையும் அங்கே பல வீடுகளில் நடந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து நாளில் நீங்கள் அந்த ஊர்க்காரர்களைப்போல இருந்த ஒரே மாலையை வீணான மாலை என்று எழுதியிருக்கிறீர்கள்.

குளிர்கால நகரம் உள்ளே போய்விடும். அதன் பின்னாலேயே நாமும் உள்ளே போக வேண்டும். வியன்னாவின் காபி கடைகள் அப்படி வளர்ந்தவைதான். வெளிச்சமும் சூடும் இல்லாத வாடகை அறைகளில் இருந்தவர்கள் ஒரு கோப்பைக் காபிக்குப் பகல் முழுக்க உட்கார்ந்து பத்திரிகை படித்த இடங்கள் அவை. இன்றைக்கும் மரச்சட்டத்தில் கோர்த்த செய்தித்தாள்கள் தொங்கும். காபியோடு ஒரு தட்டில் தண்ணீர் கிளாஸ் வரும், அதன் வாய்மேல் கரண்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். (வாசலில் வரிசை நிற்கிற பிரபலமான கடைகளைச் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் அடுத்த குடும்பம் மூச்சு விடும்.) அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. 1873-ல் முதல் குழாய்த்தடம் போட்டார்கள். 90 கிலோமீட்டருக்கு மேல், பம்பு இல்லாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடி வரும்படி. சிறுவாணித் தண்ணீரின் பெருமை பேசும் கோவைக்காரர்களுக்கு இது பிடித்திருக்கும்.

உங்கள் அத்தை பற்றி. அவர் ஏறியது அநேகமாக 71-ஆம் எண் டிராம். ஊர் நடுவிலிருந்து மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது அது. அந்தத் தோட்டம் 1874-ல் திறந்தது. கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள், அதாவது வியன்னாவில் உயிரோடு இருப்பவர்களைவிட அதிகம். இசைமேதைகள் பீத்தோவனும் ஷூபர்ட்டும் அங்கேதான் இருக்கிறார்கள், 1888-ல் வேறிடத்திலிருந்து எடுத்துவந்து வைத்தார்கள். 1918-ல் பிணங்களையே டிராமில் ஏற்றி அங்கே அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அந்த ஊரில் ஒருவர் செத்துப்போனால், "71-ஐப் பிடித்துவிட்டார்" என்பார்கள். நம் ஊரில் "டிக்கெட் வாங்கிட்டார்" என்கிறோமே, அவர்கள் ரூட் நம்பரையே சொல்லிவிடுகிறார்கள். இதை அத்தையிடம் இப்போதே சொல்ல வேண்டாம். உங்கள் கணவரிடம் அவர் நன்றாகப் பேச ஆரம்பித்த பிறகு சொல்லுங்கள், சிரிப்பார்.

உங்கள் மகன் எண்ணிய நாய்கள், இன்றைய பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்த ஓவியர் பீட்டர் புரூகல் 1565-ல் வரைந்த 'பனியில் வேடர்கள்' ஓவியத்து நாய்களாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இருக்கும் அறைக்காகவே நான் வியன்னாவுக்கு இன்னொரு முறை போவேன். மூன்று வேடர்கள் மேட்டிலிருந்து இறங்கி ஊருக்குத் திரும்புகிறார்கள். முதுகு மட்டும்தான் நமக்குத் தெரியும். நாய்களெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நடக்கின்றன. இவ்வளவு ஆள், இவ்வளவு நாய், இத்தனை நேரம் அலைந்து கிடைத்தது என்னவென்று பார்த்தால், ஒருவன் தோளில் கிடக்கும் ஈட்டியில் ஒரே ஒரு நரி. இடது ஓரத்தில் ஒரு சத்திரம், அதன் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது, வாசலில் வைக்கோலைக் கொளுத்திப் பன்றியை வாட்டுகிறார்கள். ஒருவரும் வேடர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழே, பள்ளத்தாக்கில், உறைந்துபோன குளத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியைச் சறுக்குப்பலகையில் உட்காரவைத்து இழுக்கிறாள்.

பள்ளத்தாக்குக்குப் பின்னால் தெரியும் மலைகள் புரூகலின் ஊரில் இல்லாதவை. இளமையில் ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலி போய்வந்தவர், மலையை மனதில் வைத்திருந்து கொண்டுவந்து தட்டையான தன் நாட்டின்மேல் வைத்துவிட்டார். பனி மட்டும் அவர் ஊரில் விழுந்ததுதான். 1564-65 குளிர்காலம் அங்கே மிகக் கடுமையானது. இன்றைய வியன்னாவில் கிறிஸ்துமஸுக்குப் பனி கிடப்பது அபூர்வம். எனவே உங்கள் பையன் பனியைச் சரியான இடத்தில்தான் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான்.

40 நிமிடத்தில் வெளியே வந்ததற்கும் வருத்தப்பட வேண்டாம். அங்கே 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது. பிள்ளைகளுக்குப் பணம் போகவில்லை, பெரிய மனிதர்களுக்கும் ஒரு ஓவியம் போதும்.

மறுபடி போவீர்களோ என்னவோ. போனால் கிறிஸ்துமஸ் சந்தைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எல்லாச் சந்தையிலும் ஒரே மர பொம்மை, ஒரே இலவங்கப்பட்டை வாசம், கோப்பைக்கு டெபாசிட் வாங்கிக்கொண்டு சூடான பஞ்ச், காலை மிதிக்கும் கூட்டம். தெருமுனையில் 'மரோனி' என்று எழுதிய வண்டியில் சுட்ட கஷ்கொட்டையைப் பொட்டலம் கட்டித் தருவான், அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கும் சூடு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும். அத்தையை ஷோன்ப்ரூனில் 1882-ல் திறந்த கண்ணாடிப் பனைவீட்டுக்குக் கூட்டிப் போங்கள். குளிர்காலத்திலும் உள்ளே நம் ஊர் போல வெதுவெதுப்பும் ஈரமும் இருக்கும். நாங்கள் போனபோது எதிர் பெஞ்சில் இரண்டு வியன்னா பாட்டிகள் மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, செடிகளை ஏறெடுத்தும் பாராமல் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் மருமகளைப் பற்றித்தான் பேச்சு என்று என் மனைவி அடித்துச் சொன்னாள்.

பையனின் கட்டுரை உங்களிடம் இருக்கிறதா? சிவப்பு மையோடு அப்படியே ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். டிராம் எந்த நிறம் என்று எழுதியிருக்கிறானா?