கையெழுத்துக் கேட்டு வந்த கடதாசி

ஐயா,

நான் ஒட்டுசுட்டான் பக்கம். மூத்தவள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கடேற், அதுதான் மாணவர் படையணி, தொடங்கியிருக்கிறார்கள். சேரப்போறன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெற்றோர் கையெழுத்து வைக்கிற கடதாசி மூன்று கிழமையாகச் சாமிப்படத்துக்குப் பின்னால் கிடக்குது. கடேற்றால் என்ன நன்மை? கம்பஸ் போக, அரசாங்க வேலை எடுக்க உதவுமா? வெய்யிலில் நின்று கறுத்துப்போவாள் என்று மாமி சொல்லுறா. எனக்கு அந்த உடுப்பைப் பார்த்தாலே நெஞ்சிடிக்குது. 2008 இல், 17 வயதில், என்னை ஏன் அந்தரப்பட்டுக் கட்டிக்கொடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு தாய்

பிள்ளை,

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட மதிலோரம் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுக் கால்மணித்தியாலம் நின்றேன். உள்ளே பிள்ளைகள் இடம் வலம் பழகிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதினதும் எனக்கு முதுகு சில்லிட்டது. பிள்ளைகளோ சிரிப்பை அடக்கமாட்டாமல் நெளிந்தார்கள். அந்த நினைப்போடு வீட்டுக்கு வந்தால் உம்முடைய கடிதம்.

முதலில் மாமிக்கு. கறுத்தால் கறுக்கட்டும். முத்தையன்கட்டுத் தண்ணியில் வயல் செய்கிற சனம் நாங்கள், வெள்ளையாக இருந்து என்னத்தைக் கண்டோம்? அந்தப் பிள்ளையின் காது கேட்க இந்தக் கதை இனி வேண்டாம்.

கம்பஸா? பாடத்துக்கு வெளியே பெரிதாகச் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சின்ன வாசல் உண்டு. அதை நம்பி அனுப்பாதையும். சான்றிதழ் கோவைக்குள் கிடக்கும், நேர்முகத்தில் ஒருத்தர் புரட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். நன்மை நன்மை என்று நாங்கள் கேட்பதெல்லாம் கடைசியில் ஒரு துண்டுக் கடதாசி. பிள்ளை பின்தங்கி வருகிறவளுக்காக நடையைக் குறைக்கப் பழகினாளா என்று ஒரு தாய் தகப்பனும் கேட்டதில்லை.

நானும் கடேற்தான். 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கின சங்கதி, எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலும் இருந்தது. 1969 இல் விடுதியில் இருந்து படித்தேன். காக்கிக்குக் கஞ்சி போட்டு, இடுப்புவாரின் பித்தளையை பிராசோ போட்டு மினுக்கிக்கொண்டு இரவு மெயில் ரயிலில் ஏறி, தியத்தலாவை முகாமுக்குப் போனோம். குளிர் என்றால் என்னவென்று வன்னிப் பெடியனுக்கு அங்கேதான் தெரிந்தது. காலியிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெடியன் என் சப்பாத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் பறித்தெடுத்தான். பஞ்சை நனைத்துப் பிழிந்து, கிவிப் பொலிஷில் ஒரு பொட்டுத் தொட்டு, சப்பாத்தின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தான். அரைமணித்தியாலம் போயிருக்கும். என் முகம் அதில் தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இருபது ஆங்கிலச் சொல்.

அடுத்த நாள் அணிவகுப்பில் அந்த மினுக்கின சப்பாத்தோடு தொம்மென்று விழுந்தேன். காலமை சாப்பிடவில்லை, அசையக்கூடாதென்று முழங்காலை இறுக்கிப் பூட்டிக்கொண்டு வேறு நின்றேன். இரத்தம் காலில் தேங்கிவிட்டால் தலைக்குப் போகாது, ஆள் சரியும். பிறகுதான் ஒரு பழைய ஆள் சொல்லித்தந்தார்: முழங்காலை இலேசாகத் தளர்த்து, கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடு, சப்பாத்துக்குள் விரலை ஆட்டிக்கொண்டே நில். வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

எங்கேயோ போய்விட்டேன். சாமிப்படத்துக்குப் பின்னால் கிடக்கிற கடதாசிக்கு வருகிறேன்.

பழசை மறந்துவிட்டுக் கையெழுத்து வையும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வீட்டுக்கு ஒராள் என்று படலையில் வந்து நின்றவர்கள் கடதாசி கொண்டுவரவில்லை. என் தமையனின் மகளைத் தண்ணிப் பரலுக்குள் இருத்தி, மூடி போட்டு, மேலே நெல்லுச் சாக்கை வைப்போம். உள்ளே இருந்து தட்டினால் மூச்சு முட்டுது என்று அர்த்தம். ஒரு நாள் தட்டினாள். அப்போது முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் ஒருத்தரும் அசையவில்லை. அவர்கள் போன பிறகு மயங்கின பிள்ளையைத் தூக்கி வெளியே எடுத்தோம். இப்போது கனடாவில் இரண்டு பிள்ளைகளின் தாய். இன்றைக்கும் லிஃப்டில் ஏறமாட்டாள்.

உம்முடைய மகளிடம் ஒரு கடதாசியைக் கொடுத்து அம்மாவைக் கேட்டு வா என்று விட்டிருக்கிறார்கள். கேட்டு வா! அந்தச் சொல்லை நீர் கவனித்தீரா? கையெழுத்து வைக்கலாம், வைக்காமலும் விடலாம். வைத்த பிறகு அவளுக்குச் சரிவரவில்லையென்றால் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். வீட்டுக்கு வரலாம், பிள்ளை. கிழவன் சொன்னதையே சொல்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, இன்னொருக்காலும் சொல்வேன். வேண்டாம் என்று சொல்ல இடம் விட்டு வந்த கடதாசி அது. அதைப் போய் ஒளித்து வைக்கிறீரே! மூன்று கிழமையாக அவளுக்கு ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் முடிவை நீரே எடுத்து வைத்திருக்கிறீர். கேட்காமல் முடிவெடுத்தவர்களை நாங்கள் காணாததா?

கோபிக்காதையும். உம்முடைய 17 வயதை அவளுக்குச் சொன்னீரா? கடிதத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரித் தெரியவில்லை. முதலில் அதைச் சொல்லும். மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது என்பதையும் மறைக்காமல் சொல்லும். சேர்ந்தவள் இராணுவத்துக்குப் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரன்டம்பேயில் இருக்கிற கடேற் பயிற்சி முகாமுக்குக் கூட்டிப் போவார்களென்றால் எந்த ரீச்சர் கூடப் போகிறா, பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று அதிபரிடம் நேரே போய்க் கேளும். இதெல்லாம் தெரிந்த பிறகும் அவள் ஒற்றைக்காலில் நின்றாளென்றால் பேனையை எடும்.

பயிற்சி நாளில் வெறும் வயிற்றோடு விடாதையும், புட்டென்றாலும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். சப்பாத்து வாங்கும்போது காலுக்குப் பிடியாக வாங்கவேண்டாம். விரல் ஆட இடம் இருக்கவேணும்.