ராணியைப் பாத்துக் கத்தின அந்தக் குரல்

அன்புள்ள அக்கா,

பிபிசி 2005-ல எடுத்த ப்ளீக் ஹவுஸ் சீரியலை ரெண்டே நாள்ல, பாதிக்கு மேல 1.5 ஸ்பீடுல வச்சுப் பாத்து முடிச்சேன். செமையா இருந்துச்சு. கதை முழுக்க தெரிஞ்சிடுச்சு, இனிமே டிக்கன்ஸோட அந்தத் தலகாணி சைஸ் நாவலைப் படிக்கணுமா? இன்னொன்னு, நாவல்ல வர்ற ஸ்னாக்ஸ்பிங்கிற கோர்ட் காகிதக் கடைக்காரரைத் தூக்கிட்டு கிளாம்ப்னு ஒருத்தரைப் புதுசா நுழைச்சிருக்காங்கன்னு ஃப்ரெண்ட் சொல்றான். இது துரோகம் இல்லையா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

துரோகமெல்லாம் ஒண்ணும் இல்ல. டல்கிங்ஹார்ன் வாயே திறக்காத வக்கீல், அவர் மனசுல ஓடுறதை நாவல்ல ரெண்டு வரியில சொல்லிடலாம், டிவியில அவர் பேசறதுக்கு ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான் சீரியலுக்குத் திரைக்கதை எழுதின ஆண்ட்ரூ டேவிஸ் அவரோட குமாஸ்தாவா கிளாம்பை உண்டாக்கினார். இதுல சண்டை போட எதுவும் இல்ல.

ஆனா 1.5 ஸ்பீடா? கோவம் வருது தம்பி. 1852 மார்ச்லேர்ந்து 1853 செப்டம்பர் வரைக்கும் மாசாமாசம் ஜனங்க காத்திருந்து வாங்கிப் படிச்ச கதை அது. பிபிசிக்காரங்களும் அது புரிஞ்சுதான் ஈஸ்ட்எண்டர்ஸ்ங்கிற அவங்களோட பிரபல தொடர் முடிஞ்ச கையோட வாரத்துக்கு ரெண்டு தடவை, முதல் எபிசோடு தவிர மத்ததெல்லாம் அரை மணி நேரமா, 15 எபிசோடு போட்டாங்க.

ஜோ ஞாபகம் இருக்கானா? தெருவைப் பெருக்கிப் பொழைக்கிற பையன். நீமோங்கிற ஏழை நகல் எழுத்தர் செத்தப்போ நடக்கிற விசாரணையில, பொய் சொன்னா செத்தப்புறம் என்ன ஆகும்னு அவனுக்குச் சொல்லத் தெரியலங்கிறதுக்காக அவன் சாட்சியே செல்லாதுன்னு அனுப்பிடுவாங்க. நின்ன இடத்துலெல்லாம் போலீஸ்காரன் நகரு நகருன்னு விரட்டுவான். நாவல்ல சாகப்போற நேரத்துல ஸ்னாக்ஸ்பிகிட்ட, என்னால அந்த எஸ்தர் பொண்ணுக்கு நோய் ஒட்டிக்கிச்சு, வேணும்னு பண்ணலன்னு பெரிய பெரிய எழுத்துல எழுதி வைங்கன்னு கேப்பான். அப்புறம் டாக்டர் வுட்கோர்ட் சொல்லச் சொல்ல ஜபத்தைத் திருப்பிச் சொல்லிக்கிட்டே, பாதியில போயிடுவான்.

அப்பதான் கதை சொல்ற குரல் கதையை விட்டு வெளிய வருது. அப்போ சிம்மாசனத்துல இருந்தது விக்டோரியா, அந்த ராணியையே கூப்பிட்டு, செத்துட்டான் மகாராணின்னு சொல்லுது. பிரபுக்களே, பாதிரிமார்களே, இரக்கத்தோட பொறந்த ஆம்பளைங்களே பொம்பளைங்களேன்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, இப்படித்தான் நம்மளைச் சுத்தி தினம் தினம் சாகறாங்கன்னு முடிக்குது.

அப்பாவுக்குப் பார்வை மங்கினப்புறம் நாந்தான் சாயங்காலத்துல படிச்சுக் காட்டுவேன். இந்த இடம் வந்ததும் சாஞ்சிருந்தவர் எழுந்து உக்காந்துட்டார். "ராணிகிட்டயேவா சொல்றான்? தைரியந்தான்"னு சொல்லி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எங்கயோ லண்டன்ல செத்த ஒரு பையனுக்காக அவர் குரல் நடுங்குச்சு.

சீரியல்ல இந்தக் குரல் இல்ல தம்பி. நாவலை கதாநாயகி எஸ்தர் பாதி சொல்றா, இந்தக் குரல் பாதி சொல்லுது. எஸ்தருக்கு முகம் கிடைச்சிடுச்சு, இந்தக் குரலுக்கு எதுவும் கிடைக்கல. டிவியில பையன் சாவான், நாம அழுவோம், அடுத்த சீன் வந்துடும், யாரும் நம்மளைப் பாத்து நீ என்ன பண்ணினேன்னு கேக்க மாட்டாங்க. நல்ல நடிப்பு, நல்ல குதிரை வண்டி, நல்ல உடுப்பு, எல்லாம் இருந்தும் கேள்வி கேக்கற ஆள் மட்டும் இல்ல.

அந்தக் குரலை டிவியில கொண்டுவர முடியாதுன்னு சொல்லாதீங்க. 1994-ல இதே டேவிஸ் எழுதின மிடில்மார்ச்ல கடைசியில, அந்த நாவலை எழுதின ஜார்ஜ் எலியட்டோட குரலா நடிகை ஜூடி டென்ச் பேசுவாங்க. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிங்கிற நாடகக் குழு 1980-ல மேடையேத்தின, டிக்கன்ஸோட நிக்கோலஸ் நிக்கிள்பியில நடிகர்களே கதையையும் மாத்தி மாத்திச் சொல்லுவாங்க, அது 1982-ல சேனல் 4-லயும் வந்துச்சு. மனசு இருந்தா வழி இருக்கு.

நீங்க கேட்டதுக்கு வரேன். படிங்க. முழுசா இப்ப முடியலன்னா ஜோ வர்ற 11, 46, 47 மூணு அத்தியாயத்தையாவது வாய்விட்டுப் படிங்க, மூணு ராத்திரி போதும். அப்புறம் சீரியல்ல ஜோ சாகற எபிசோடை சாதா ஸ்பீடுல போட்டுப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க.