சர்க்கரை இல்லாத பிராய் மசாலா: பாட்டிலை நம்பாதீர்கள், அம்மியை நம்புங்கள்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. இந்த ஆண்டுதான் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார். கார்போஹைட்ரேட்டைக் குறைக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள், அவ்வளவுதான். புரட்டாசி விரதம் முடிந்ததும் எங்கள் வீட்டில் பெரிய பிராய் (தணலில் கறி சுடும் விருந்து) நடக்கும், சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். கடையில் எந்த பிராய் சாஸை எடுத்தாலும் சர்க்கரை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று சொல்லி வீட்டில் செய்த மாரினேட் (கறி ஊறவைக்கும் மசாலா) விற்கிறார். வாங்கலாமா, இல்லை நானே செய்துவிடலாமா? என் மாமியார் புளி கரைத்து ஊற்றித்தான் கறியை ஊறவைப்பார். புளிப்புதானே, பரவாயில்லையா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. நீங்களே செய்யுங்கள். அதற்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் உங்கள் அடுப்படியில் இப்போதே இருக்கும். புளியில் மட்டும் கொஞ்சம் விவகாரம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த வாட்ஸ்அப் பாட்டில். இப்படி விற்பவர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்குத் தாங்கள் என்ன விற்கிறோம் என்றே தெரியாது. வெள்ளைச் சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேனையோ வெல்லத்தையோ பேரீச்சம்பழத்தையோ போட்டு, ‘இயற்கை இனிப்பு’ என்று ஒரு தாளை ஒட்டிவிடுகிறார்கள். தேனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 கிராம் சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி தேன் ஊற்றினால் நாலு டீஸ்பூன் சர்க்கரை போட்டதாகத்தான் கணக்கு. வெல்லமும் அப்படித்தான். பாட்டி காலத்திலிருந்து வருகிறது என்பதற்காக உங்கள் கணவரின் ரத்தம் அதற்குச் சலுகை காட்டாது.

அந்த ஆளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “100 கிராமில் கிளைசீமிக் கார்போஹைட்ரேட் எவ்வளவு?” அதாவது, செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும் மாவுச்சத்து. எண்ணைச் சொன்னால் மேலே பேசுங்கள். “ஒரு ஸ்பூன்ல ரொம்பக் கம்மிதான் ஆன்ட்டி” என்று இழுத்தால் குழுவை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி அச்சடித்த சத்து அட்டவணையில் ‘கிளைசீமிக் கார்போஹைட்ரேட்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே ‘அதில் மொத்த சர்க்கரை’ என்று இன்னொரு வரி. எல்லாரும் இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். நீங்கள் முதல் வரியைப் பாருங்கள். காரணம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள். பிராய் பொடிகளிலும் சாஸ்களிலும் இதைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். கணக்கில் இது சர்க்கரையில் சேராது. உடம்புக்குள் போனால் சர்க்கரை மாதிரியே, சில நேரம் அதைவிட வேகமாக ஏறும். அதே போல ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தியைத் தொடவே வேண்டாம். பரிமாறல் 15 மில்லி என்று அவர்கள் எழுதுவார்கள், உங்கள் மைத்துனர் அதைக் கிண்ணத்தோடு ஊற்றிக்கொள்வார். 100 கிராம் பத்தி ஒன்றுதான் பொய் சொல்லாது.

அட்டவணையே இல்லாத பாட்டிலும் நிறைய உண்டு. 2010 லேபிள் விதிகளின்படி, பொருளைப் பற்றி ஏதாவது சத்துச் சிறப்பைச் சொல்லிக்கொண்டால்தான் அட்டவணை கட்டாயம். சும்மா ‘பிராய் சாஸ்’ என்று மட்டும் போட்டால் வேண்டியதில்லை. சர்க்கரை அதிகமுள்ள பொருளின் முகப்பிலேயே எச்சரிக்கை முத்திரை வரவேண்டும் என்று 2023இல் ஒரு வரைவு வெளியிட்டார்கள். வரைவு போடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 2018 ஏப்ரலில் சர்க்கரை வரி கொண்டுவந்தார்களே, அதுவும் பானங்களுக்கு மட்டும்தான். 100 கிராமில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையாக இருக்கும் பார்பெக்யூ சாஸ் அந்தக் கணக்கிலேயே வராது. குடித்தால் வரி, கறியில் தடவி நக்கினால் வரி இல்லை! இந்த நியாயத்தை யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

அடுத்தது புட்சரியில் சிவப்பாகப் பளபளவென்று ஊறவைத்து அடுக்கியிருக்கும் சாப்ஸும் கோழியும். தயவுசெய்து வேண்டாம். வாளியில் வரும் அந்த மாரினேட்டில் என்ன இருக்கிறது என்று கவுண்டரில் நிற்கும் பையனுக்குத் தெரியாது, கேட்டால் “மசாலாதான்” என்பான். கறி எத்தனை நாள் பழையது என்பதும் அந்தச் சிவப்புக்குக் கீழே தெரியாது. கறியை வெறுமனே வாங்குங்கள். நிறமும் வாசனையும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியட்டும். உறையவைத்த கோழித் துண்டுப் பாக்கெட்டாக இருந்தால் பின்பக்கம் ‘பிரைன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். துண்டுகளில் 15 சதவீதம் வரை உப்புத்தண்ணீர் ஏற்ற 2016 முதல் விதி இடம் கொடுக்கிறது. அந்தக் கோழிக்கு நீங்கள் போடும் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கரைந்த தண்ணீரைக் கொட்டி, துணியால் நன்றாக ஒற்றி எடுத்த பிறகுதான் மசாலா பிடிக்கும்.

சரி, சமையலுக்கு வருவோம். மாரினேட்டில் சர்க்கரை எதற்கு என்று யோசித்தால் பாதிப் பயம் போய்விடும். அது கறியை மிருதுவாக்குவதில்லை. உள்ளே சுவை இறங்கவும் உதவாது. உள்ளே இறங்குவது முக்கியமாக உப்பு. மற்ற மசாலாவெல்லாம் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். சாஸ் கெட்டியாக, பளபளப்பாக, மலிவாக இருக்கத்தான் சர்க்கரை. அப்புறம் அது 160 டிகிரி வாக்கில் நிறம் மாறத் தொடங்கி, தணலின் சூட்டில் சீக்கிரமே கருகும். சாப்ஸ் வெளியே கரி, உள்ளே ரத்தம் என்று ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கறி பொன்னிறமாகச் சிவக்க அதிலிருக்கும் புரதமும் துளி இயற்கைச் சர்க்கரையுமே போதும், மேலே ஈரம் இல்லாமல் இருந்தால் சரி.

ஆட்டுக்கறிச் சாப்ஸ் 1 கிலோவுக்கு இப்படிச் செய்யுங்கள். தனியா இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், ஒரு விரல்கணு பட்டை. வெறும் சட்டியில், தனியா வெடித்து மணம் கிளம்பும் வரை வறுங்கள். சோம்பைக் கடைசியில் போடுங்கள், அது முதலில் கருகிவிடும். ஆறியதும் கொரகொரப்பாகப் பொடியுங்கள், நைசாக வேண்டாம். இதோடு ஆறு பல் பூண்டு, பெருவிரல் அளவு இஞ்சி, ஒரு கொத்து கறிவேப்பிலை, காரத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூள், ஒன்றரை டீஸ்பூன் உப்பு சேர்த்து அரையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச்சாறு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிக் கறியில் தேய்த்து, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம். அலுமினியப் பாத்திரம் கூடாது. எலுமிச்சைச்சாறு ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கறியின் மேல்பக்கம் மாவு போலக் குழைந்துவிடும்.

பட்டையும் சோம்பும் எதற்கென்றால், அவற்றின் வாசனைக்கே நாக்கு இனிப்பை எதிர்பார்க்கும். ஒரு கிராம் சர்க்கரை கூடப் போடாமல் விருந்தாளியை ஏமாற்ற இது ஒன்று போதும். கணக்கும் பார்த்துவிடுவோம். பூண்டு, மசாலா, எலுமிச்சை எல்லாம் சேர்த்து 1 கிலோவுக்கு ஏறத்தாழ 12 முதல் 15 கிராம் கார்போஹைட்ரேட். ஐந்து பேர் சாப்பிட்டால் ஆளுக்கு மூன்று கிராமுக்குள். அதே கறிக்குக் கடை சாஸ் அரைக் கப் ஊற்றினால் 45, 50 கிராம் சர்க்கரை, அதாவது பன்னிரண்டு டீஸ்பூன் போல.

கோழிக்கு அமாசி. புளித்த பால்தானே, சூப்பர்மார்க்கெட்டில் லிட்டர் கணக்கில் கிடைக்கிறது, கெட்டித் தயிரைவிட விலையும் குறைவு. சுவை சேர்க்காத வெறும் அமாசியாகப் பார்த்து எடுங்கள். ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஒரு கப், அதில் மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, வறுத்த சீரகத்தூள், உப்பு. துண்டுகளில் எலும்பு வரை இரண்டு கீறு போடுங்கள். அமாசியின் புளிப்பு மெதுவானது, ராத்திரி முழுக்க ஊறினாலும் கோழி கெடாது. தணலில் வைக்கும் முன் வழித்து எடுத்துவிடுங்கள். கறி ஊறிய தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் மேலே தடவுவது, வெந்த கோழியை மறுபடி அதே பாத்திரத்தில் போடுவது, இதெல்லாம் வயிற்றுக்குக் கேடு. மீனுக்கு இதே மசாலா, அமாசி இல்லாமல், இருபது நிமிடம்.

சிவப்பு சாஸ் இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால், டொமாட்டோ சாஸை விட்டுவிட்டு, சர்க்கரை சேர்க்காத டொமாட்டோ பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து வினிகர், கடுகுத்தூள், பூண்டு, புகையூட்டிய பாப்ரிகா, எண்ணெய், உப்பு கலந்து கறி வெந்து இறக்கும் கடைசிப் பத்து நிமிடத்தில் பூசுங்கள். பேஸ்டிலும் தக்காளியின் சொந்தச் சர்க்கரை உண்டு, முழுவதுக்கும் நாலு கிராம் போல. அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். இனிப்பு இருந்தே தீர வேண்டும் என்றால் எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு ஒரு டீஸ்பூன் போடலாம். சைலிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பு வேண்டவே வேண்டாம், அது நாய்க்கு விஷம். பிராயில் எலும்பு யாருக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது புளி. புளிப்பாக இருப்பதில் சர்க்கரை இருக்காது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. எலுமிச்சைக்கு அது ஏறக்குறைய உண்மை, வினிகருக்கு உண்மை, புளிக்கு இல்லை. 100 கிராம் புளிச் சதையில் 55 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. கூடவே டார்டாரிக் அமிலம் அத்தனை இருப்பதால் நாக்கு இனிப்பை உணர்வதில்லை. அதனால் மாமியார் மசாலாவை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். அளவுதான் விஷயம். 1 கிலோ கறிக்கு ஒரு நெல்லிக்காய் அளவு புளி, அதாவது 10, 12 கிராம் என்றால், அதில் ஆறேழு கிராம் சர்க்கரை. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஒன்றரைக் கிராம் கூட வராது. தாராளமாகப் போடுங்கள். பெரிய எலுமிச்சை அளவு உருண்டை என்றால் கணக்கு மூன்று மடங்கு, ஆனாலும் கறி ஊறிய பிறகு பாதி பாத்திரத்திலேயே நின்றுவிடும். மீதிப் புளித்தண்ணீரை வெல்லம் போட்டுச் சுண்டக் காய்ச்சி, தேன் பதத்தில் கறிமேல் தடவுவார்களே, அங்கேதான் தப்பு. பாட்டிலில் வரும் ‘புளி சாஸ்’ அதைவிட மோசம். பொருள்களின் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், அந்தப் பாட்டிலில் முதல் பெயர் சர்க்கரையா புளியா என்று பாருங்கள். விதை எடுத்துக் கட்டியாக அழுத்திய புளி, பட்டியலில் ‘புளி, உப்பு’ என்று மட்டும் இருந்தால் வாங்கலாம். மாமியாரிடம், “புளி இருக்கட்டும் அத்தை, வெல்லத்தை மட்டும் விட்டுவிடுவோம்” என்று சொல்லுங்கள். சண்டை வராது என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவர் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுவதால் இந்த மாற்றத்தால் சர்க்கரை திடீரெனக் கீழே இறங்கும் பயம் பெரிதாக இல்லை. விருந்துக்கு வருபவர்களில் யாராவது இன்சுலினோ கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுத்தால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கார்போஹைட்ரேட்டைச் சட்டென்று வெட்டக் கூடாது. ‘பாண்டிங்’ (மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் உணவுமுறை) என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் மருந்துக்கும் சேர்த்து யோசனை சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் இதை உட்கார்ந்து விளக்க ஆள் இல்லை, ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில் திணித்து அனுப்புகிறார்கள். அதனால்தான் இதை இங்கே இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 24ஆம் தேதி, பாரம்பரிய தின விடுமுறையன்று, ஊரெல்லாம் பிராய் புகை கிளம்பும்போது விரதக்காரர்கள் பருப்பும் சோறுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள், விரதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கெல்லாம் சேர்த்துத் தட்டு நிறையும். மசாலாவை மட்டும் மாற்றிவிட்டு, பக்கத்தில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய உருளைக்கிழங்கு சாலட்டும் கார்லிக் பிரெட்டும் இரண்டு லிட்டர் கூல்ட்ரிங்க்கும் வைத்தால் இத்தனை வேலையும் வீண். சாலட்டுக்கு அமாசியும் கடுகும் கலந்து ஊற்றுங்கள், உருளைக்கிழங்குக்குப் பதில் முட்டைக்கோஸ். அவருக்கென்று தனியாக ஒரு தட்டில் எடுத்து வைக்காதீர்கள், எல்லாருக்கும் ஒரே மசாலாவாக இருக்கட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த எண்ணைக் காட்டலாம்.